சகலை பார்த்த கடல்

தங்கராஜு வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தை மாட்டிய நாளிலிருந்து அற்புதராஜுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. தங்கராஜு யாரோ எவரோ அல்ல, சகலை. அக்காள் ரோசம்மாவை அற்புதராஜ் கட்டினான், தங்கை ஞானப்பூவைத் தங்கராஜு கட்டினான். ஒருவன் ஆற்றங்கரை அரிசிக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி, மற்றவன் அதற்கு நாலு கதவு தள்ளி மிளகுக் கிட்டங்கியில் கிராணி. இருவருக்கும் வீடு சிராங்கூன் ரோட்டில், சுண்ணாம்புக் கம்பத்துப் பக்கம். கம்பம் என்றால் மலாயில் குடியிருப்பு. இவன் குடை வாங்கினால் அவன் வெள்ளிப்பூண் போட்ட குடை வாங்குவான். அவன் பிள்ளைக்கு இருமல் வந்தால் இவன் பிள்ளைக்குக் கக்குவானாவது வந்தாக வேண்டும். அப்படி ஒரு பாசம்.

படத்தில் தங்கராஜு கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஞானப்பூ, முன்னால் பிள்ளைகள், பின்னால் கடல். அலை அலையாகக் கடல். ஓரத்தில் ஒரு தென்னை, இடுப்பொடிந்த மாதிரி வளைந்து நின்றது. கீழே தங்க எழுத்தில், 'சாங்கிக் கடற்கரையில் இயற்கை இன்பம் துய்த்த திருவாளர் தங்கராஜு குடும்பத்தார்' என்று போட்டிருந்தது. கொடுத்தது இயற்கை இன்பப் பிரயாண அபிவிருத்தி சபை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் போதும், தங்கராஜு மூக்கைச் சுளிப்பான். அந்த ரோட்டில் மாட்டுக் கொட்டகை நாற்றமும் சுண்ணாம்புக் காளவாய்ப் புகையும் பரம்பரையாக இருப்பவை. அவனும் அதைச் சுவாசித்துத்தான் இத்தனை நாள் கொழுத்தான். இப்போது மட்டும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "சாங்கிக் காத்தப் பிடிச்சவனுக்கு இந்தக் காத்து ஒத்துக்கமாட்டேங்குது அண்ணே" என்பான். அற்புதராஜுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாங்கிக்குப் போகலாம் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் ரோசம்மாதான். பிரிஜட்டுக்கு ஆறு வயது, சூசைக்கு நாலு. துறைமுகத்துக் கடலை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கரித்தூளும் எண்ணெயும் மிதக்கும் கடல். தொட்டால் முதுகில் ஒன்று வைப்பார்கள். கால் நனைக்கிற கடல் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டபோது, சாங்கியில் இருக்கிறது, ஏசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் கிட்டங்கிக்கு விடுமுறை, அன்றைக்குப் போகலாம் என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் திட்டமும் ரொம்பச் சின்னது. எதிர்வீட்டு ஒலி முகம்மது பாய் கூண்டு வண்டியில் சாங்கிக்குப் போய்த் தேங்காய் ஏற்றி வருகிறவர். போகும்போது வண்டி காலி. அவர் மனைவி கதீஜாவும் கூடவே போவாள், அவளுடைய தங்கை நூருன்னிசாவை அந்தக் கடற்கரைக் கம்பத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஓர் இரவு அங்கே தங்கலாம். புளிச்சோறு கட்டிக்கொண்டால் தீர்ந்தது.

அப்போதெல்லாம் அற்புதராஜ், மரமும் மண்ணும் பார்க்க மாட்டுவண்டி கட்டுவார்களா என்று சிரித்தவன். சகலை வீட்டில் படம் ஏறியதும் அவனுக்கு மரத்தின் மேலும் மண்ணின் மேலும் தாங்கமுடியாத பிரியம் வந்துவிட்டது. ஆனால் பாய் வண்டியில் சும்மா போய்வர அவன் தயாராக இல்லை.

"அப்படிப் போயிட்டு வந்தா போனோம்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

"நமக்குத் தெரியுமே" என்றாள் ரோசம்மா.

அற்புதராஜ் கோட்டை மாட்டிக்கொண்டு சபைக்குப் போனான்.

சபை ஒரு மசாலாக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறுவதற்குள் மிளகாய் நெடியில் ஏழெட்டுத் தும்மல் வரும். வந்தவர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று சபையார் எடுத்துக்கொள்வார்கள். சபைக்கு ஒரு தலைவர், உபதலைவர்கள், காரியதரிசி, உபகாரியதரிசிகள், பொக்கிஷதார், அவருக்கு ஓர் உதவி. பதவியில்லாத அங்கத்தினர் என்று பார்த்தால் அற்புதராஜ்தான். அவன் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதன் காரணம் அவனுக்கு வெகுநாள் விளங்கவில்லை.

தலைவர் சுவிசேஷமுத்துப் பிள்ளை ஓய்வுபெற்ற தபாலாபீஸ்காரர். வெண்தாடி, சரிகைத் துண்டு. அற்புதராஜிடம் இயற்கை அபிமானம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றான். அத்தாட்சி கேட்டார். வீட்டில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருப்பதாகச் சொன்னான். அதைத் தின்பதுண்டா என்று கேட்டார். குழம்பில் போடுவதுண்டு என்றதும் சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தின்னும் நோக்கமில்லாமல் ஒரு குரோட்டன்ஸ் செடி வளர்த்த பிறகு வரும்படி தீர்மானமாயிற்று. பாஸ்குக்கு முந்தின தவசு காலத்தின் முதல் வாரம் அதிலேயே போய்விட்டது.

குரோட்டன்ஸ் துளிர்த்ததும் பிள்ளைகளை அழைத்து வரச் சொன்னார்கள். சிறு பிள்ளைகளை ஆயத்தமில்லாமல் இயற்கைக்கு முன் நிறுத்தினால் அதிர்ச்சியில் காய்ச்சல் வரும் என்று தலைவர் விளக்கினார். அதற்காகச் சபையில் ஓர் ஆயத்த வகுப்பு உண்டு. பட்சிகளைப் பற்றி ஓர் உபதலைவர் பேசினார். அவர் தொண்டையைச் செருமி ஆரம்பிக்கும்போது ஜன்னலில் இரண்டு மைனாக்கள் வந்து உட்கார்ந்து கத்தின. பிள்ளைகள் இரண்டும் அந்தப் பக்கம் திரும்பின. வகுப்புக்கு இடைஞ்சல் என்று மைனாவை விரட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்கள். அப்புறம் மிளகாய் நெடியில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பட்சிகளைப் பற்றிக் கேட்டார்கள்.

அடுத்தது ஆச்சரியப் பயிற்சி. கடலைக் கண்டதும் குடும்பத்தார் ஆளுக்கொரு பக்கம் கத்துவது சபைக்குக் கௌரவமில்லை. காரியதரிசி கையைத் தூக்கியதும் முதலில் தகப்பன், அப்புறம் தாய், அப்புறம் வயதுப்படி பிள்ளைகள் 'ஆகா' சொல்ல வேண்டும். பிரிஜட் ஒழுங்காகச் சொன்னாள். சூசை கையைக் கவனிக்கவே இல்லை. பொக்கிஷதார் தலைப்பாகையைக் கழற்றி வழுக்கையைத் துடைத்த சமயம் பார்த்து, ஒருவரும் சொல்லாமலே, மனசாரச் சொன்னான். அன்று வீட்டுக்கு வந்ததும் அற்புதராஜ் பையனை அடிக்கக் கை ஓங்கிவிட்டான். தங்கராஜுவின் பையன் முதல் நாளே தேர்ந்துவிட்டானாம். காரியதரிசி போகிற போக்கில் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புலிக்கென்று தனியாக ஓர் உபகுழு இருந்தது. சாங்கிப் பாதையில் புலி உண்டா இல்லையா என்று போய்ப் பார்த்து அறிக்கை தருவது அதன் வேலை. புலி இருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் குழு இன்னும் புறப்படவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, அங்கத்தினர் குடும்பத்துக்குப் புலிகள் இடையூறு செய்யலாகாது என ஓர் எச்சரிக்கைப் பலகை எழுதி வைத்திருந்தார்கள். நல்ல செந்தமிழ். புலிக்குத் தமிழ் தெரியுமா என்று ரோசம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். அது மலாய்ப் புலி என்பது சபையின் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், மொழிபெயர்ப்பு ஆலோசனையில் இருப்பதாகவும் காரியதரிசி பதில் சொன்னார்.

அன்றைக்குப் படியிறங்கும்போது ரோசம்மா சொன்னாள், "இந்த நேரத்துக்கு நாம நடந்தே போய்ச் சேந்திருக்கலாம்."

அவன் கேட்கவில்லை. அவன் மனசு முழுக்கச் சட்டம் போட்ட படம்தான். கூடத்தில் எந்தச் சுவரில் மாட்டினால் சகலை வாசலில் நுழையும்போதே கண்ணில் படும் என்று பார்த்து, ஆணிகூட அடித்து வைத்துவிட்டான். ரோசம்மா அதில் கொஞ்ச நாள் முறத்தைத் தொங்கவிட்டிருந்தாள்.

அவளுக்கு உறுத்தியது வேறொன்று. தங்கை ஞானப்பூவிடம் கடல் எப்படி இருந்தது, பிள்ளைகள் பயந்தார்களா, மாற்றுத்துணி எத்தனை வேண்டும் என்று விசாரித்தால், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பருப்பு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுகிறாள். கூடப்பிறந்தவளுக்குக்கூட இவ்வளவு கர்வமா என்று ரோசம்மாவுக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பாஸ்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் பாயின் வண்டி மசாலாக் கடை வாசலில் நின்றது. கூண்டுக்குள் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்திருந்தது. புளிச்சோற்றுத் தூக்கு, அவித்த முட்டை, தண்ணீர்க் குடம், பிள்ளைகளின் மாற்றுத்துணி எல்லாம் ஏறியாயிற்று. கதீஜா உள்ளே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். மேலே சின்னதாக ஒரு வழியனுப்பு உபசாரம், கையோடு இறங்கிவிடலாம் என்று அற்புதராஜ் சொல்லியிருந்தான். வெயில் ஏறுவதற்குள் கேலாங்கைத் தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாடு படுத்துக்கொள்ளும் என்று ஒலி முகம்மது எச்சரித்தார்.

மேலே போனதும் முதலில் படம் எடுப்பது என்றார்கள். அற்புதராஜ் திகைத்தான். போய்வந்த பிறகு அல்லவா படம்? காரியதரிசி பொறுமையாகச் சிரித்தார். பிரயாணம் போய்வந்தவர்கள் கறுத்து, கசங்கி, தலை கலைந்து வருவார்கள், அவர்களைப் பார்த்தால் இயற்கையின் மேலேயே ஜனங்களுக்கு வெறுப்பு வந்துவிடும் என்றார். பிறகு சுவரோரம் சுருட்டி வைத்திருந்த திரைச்சீலையை அவிழ்த்துவிட்டார்கள்.

கடல். அலை அலையாகக் கடல். ஓரத்தில் ஒரு தென்னை, இடுப்பொடிந்த மாதிரி வளைந்து நின்றது.

அற்புதராஜ் அந்தத் தென்னையையே பார்த்தான். அதன் மூன்றாவது மட்டையில் வண்ணம் உதிர்ந்து வெள்ளையாக ஒரு திட்டு. சகலை வீட்டுப் படத்தில் அதே இடத்தில் அதே திட்டு இருந்தது. அதை அவன் கொக்கு என்று நினைத்து, சகலைக்குக் கொக்குகூடக் கிடைத்ததே என்று பொருமிய நாள்கள் உண்டு.

"தங்கராஜு படமும் இங்கதான் எடுத்ததா?" என்று கேட்டான்.

"வேற எங்க எடுக்கிறது?" என்றார் காரியதரிசி. "அசையாம நிக்கணுமே. நெசக் கடல் நிக்குமா?"

"அப்ப அவன் சாங்கிக்குப் போகலையா?"

காரியதரிசிக்குக் கேள்வியே புரியவில்லை. முறைப்படி வழியனுப்பி, முறைப்படி வரவேற்று, படமும் கொடுத்த பிறகு ஒருவர் போகவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று திருப்பிக் கேட்டார்.

அந்த நொடி அற்புதராஜுக்கு வந்த சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை. இத்தனை நாளாக எரிந்த வயிற்றில் பனிநீர் தெளித்த மாதிரி இருந்தது. சகலை போகவில்லை. கொக்கும் கிடையாது, காற்றும் கிடையாது. இதோ கீழே வண்டி நிற்கிறது, நான் நிஜமாகவே போகப்போகிறேன் என்று வாசல் பக்கம் திரும்பினான்.

வாசலில் தங்கராஜு நின்றான். முன்னாள் பிரயாணி என்ற முறையில் அவனுக்கு முன்வரிசை. அற்புதராஜின் கண் திரைக்கும் தன் முகத்துக்குமாகப் போய்வருவதைப் பார்த்துவிட்டான். ஆனாலும் ஆள் அசரவில்லை. நிதானமாக வந்து உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த மாலையைக் கண்ணால் காட்டிச் சொன்னான், "எனக்கு ரோஜாவும் சம்பங்கியும் கட்டினாங்கண்ணே. ஒங்களுக்கு வெறும் சாமந்தி போலிருக்கு."

இங்கேதான் அற்புதராஜ் கெட்டான். கதை கேட்கிற உங்களுக்கு எளிது, நீங்கள் அப்போதே படியிறங்கியிருப்பீர்கள். அவனுக்குச் சகலை உண்டு. போய்க் காரியதரிசியின் காதில், எனக்கும் ரோஜாமாலை வேண்டும் என்றான். ரோஜாமாலை வேண்டுமானால் முழு உபசாரத்துக்கும் இருக்க வேண்டும், எல்லா உபதலைவர்களும் பேசுவார்கள் என்றார் அவர். சரி என்றான். ரோஜா கட்ட ஆள் போயிற்று.

படம் எடுத்தார்கள். சூசை மட்டும் திரையில் இருந்த அலையைத் தொட்டுப் பார்த்து, நனையவில்லை என்று அம்மாவிடம் புகார் சொன்னான். அப்புறம் பேச்சுகள் ஆரம்பித்தன. முதல் உபதலைவர் வழிப்பயணத்தின் மேன்மையைப் பற்றிப் பேசினார். கீழேயிருந்து கதீஜா ஆளனுப்பினாள், மாடு நிலைகொள்ளவில்லை என்று. இதோ என்று அற்புதராஜ் கையைக் காட்டினான். இரண்டாம் உபதலைவர், முதலாமவர் சொல்ல மறந்ததை எல்லாம் சொன்னார், சொன்னதையும் சொன்னார். ரோசம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து கணவன் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தாள்.

"வெயில் ஏறுதுங்க. பிள்ளைங்க பசியில இருக்கு. எறங்குவோம் வாங்க."

"ரோஜாமால வரட்டும்" என்றான் அவன், திரும்பாமல்.

அவள் நிமிர்ந்தாள். பிறகு சூசையை இடுப்பில் தூக்கி, பிரிஜட்டின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறது போலும் என்று சபையார் வழிவிட்டார்கள். தலைவர் எழுந்திருக்கும் சமயத்தில், கீழே மாட்டின் கழுத்துமணி அசைந்து, ரோட்டில் இறங்கி, கிழக்கே போவது அற்புதராஜுக்கு நன்றாகக் கேட்டது. எழுந்து ஓட அவன் காலை ஊன்றியதும் மாலை வந்துவிட்டது. நல்ல கனமான மாலை. கழுத்தில் விழுந்ததும் உட்கார்ந்துவிட்டான்.

சுவிசேஷமுத்துப் பிள்ளை பேசினார்.

"அன்பர்களே, அடியேன் வெகுகாலமாக இயற்கையை நேசித்து வருகிறேன். ஆனால் ஒருநாளும் அதைத் தொந்தரவு செய்ததில்லை. போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கொசு என்பார்கள், சேறு என்பார்கள், அட்டை என்பார்கள். அவர்கள் கண்டது அவ்வளவுதான். அடியேன் இந்த நாற்காலியை விட்டு அசையாமல், ஒரு கொசுகூடக் கடிக்காமல், சாங்கியின் முழு அழகையும் கண்டவன். எனக்குப் பின் வருகிறவர்களும் இப்படியே காண வேண்டும் என்பதுதான் இந்தச் சபையின் லட்சியம். இயற்கை நம்மைத் தேடி வந்தால் மரியாதையோடு வரவேற்போம். நாம் அதைத் தேடிப் போவது நம் அந்தஸ்துக்கு அழகல்ல."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அற்புதராஜ் எழுந்து நன்றியுரை சொன்னான். என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. உட்காரப் போனவனைக் காரியதரிசி தடுத்தார். சபையாரும் கூடியிருக்கிறார்கள், பூவும் வாடவில்லை, ஆகவே வரவேற்பு உபசாரத்தையும் இப்போதே முடித்துவிடலாம் என்றார். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, மறுபடி அதே கழுத்தில் போட்டார்கள். சுகமாகத் திரும்பி வந்ததற்காகத் தலைவர் அவனைக் கட்டித்தழுவினார். உபதலைவர்கள் அதே வரிசையில் எழுந்தார்கள். குடும்பத்தார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. களைப்பாக இருப்பார்கள் அல்லவா.

வெளியே வரும்போது சாயங்காலம். ரோட்டில் வண்டி நின்ற இடத்தில் கொஞ்சம் வைக்கோலும் சாணமும் கிடந்தன. அற்புதராஜ் மாலையோடு அங்கே நின்றான். வீட்டுக்குப் போனால் அடுப்பில் நெருப்பில்லை. புளிச்சோறு போய்விட்டது, அதுவும் சாங்கிக்கு.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வண்டி திரும்பியது. தேங்காய்க் குவியலின் மேல் பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. கறுத்து, கசங்கி, தலை கலைந்து, காரியதரிசி சொன்னது அட்சரம் பிசகவில்லை. ரோசம்மாவின் புடவைக் கரை உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. அவள் அவனைக் கோபிக்கவும் இல்லை. மாலையைப் பார்த்து, நல்ல மாலைங்க என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் கோபித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாட்டில் வாயை மூடவில்லை. பிடோக் மேட்டில் குரங்கு ஒன்று கூண்டுக்குள் கைவிட்டு அவித்த முட்டையைத் தூக்கிக்கொண்டு போனதாம். லாலாங் புல்லுக்குள் என்னவோ சரசரவென்று ஓட, கதீஜா பெரியம்மா புலி என்று கத்த, ஒரு கோழி வெளியே வந்ததாம். நூருன்னிசா வீட்டு வாசலிலேயே கடலாம். அலை காலுக்கடியிலிருந்து மண்ணை உருவிக்கொண்டு போகும்போது உள்ளங்கால் கூசுமாம். சூசை மண்ணைத் தின்றானாம். சூசை அதை மறுக்கவில்லை, உப்பாக இருந்தது என்றான். அப்பாவுக்கென்று ஒரு சின்ன நண்டைச் சிரட்டையில் கொண்டு வந்தார்களாம், வழியில் அது இறங்கிப் போய்விட்டதாம்.

அற்புதராஜ் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளங்கால் கூசுவது என்றால் எப்படி என்று இரண்டு தரம் கேட்டான். பிரிஜட் அவன் காலைப் பிடித்துச் சொறிந்து காட்டிவிட்டு, இப்படி இல்லப்பா, வேற மாதிரி என்றாள். சகலையின் வெள்ளிப்பூண் குடைக்கு எரிந்த வயிறு அது. இப்போது நாலு வயதுப் பிள்ளையின் வாயில் போன மண்ணுக்காக எரிந்தது. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தத்தான் முடியவில்லை.

படம் வந்தது. சகலை படத்தைவிட ஒரு சாண் பெரிய சட்டம். ஆணியில் மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் இருவரும் சந்தித்தார்கள். சாங்கிக் காத்தே தனிதான் என்றான் அற்புதராஜ். அதச் சொல்லுங்க என்றான் தங்கராஜு. இருவரும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

பேசியவர்கள் அக்காளும் தங்கையும்தான். படம் வந்த அன்றே ஞானப்பூ வந்து அதன் முன்னால் நின்று, அந்தத் தென்னையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். வெளியே சொல்லக்கூடாது என்று தங்கராஜு சத்தியம் வாங்கியிருந்தானாம். அவள் பிள்ளைகள் இன்னும் கடலில் கால் வைத்ததில்லை. ரோசம்மா எதிர்வீட்டுக்குப் போய் இரண்டு நிமிஷத்தில் திரும்பினாள். பெந்தெகொஸ்தேத் திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை, வண்டி சொல்லியாயிற்று என்றாள். திட்டம் போடுவதற்கு அவளுக்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது.

அற்புதராஜ் தானும் வருவதாகச் சொன்னான். கேள்விப்பட்ட தங்கராஜு, அண்ணன் வந்தால் தானும் வருவதாகச் சொன்னான். அதற்குள் எப்படியோ செய்தி மாடியேறி, காரியதரிசி ஆளனுப்பிவிட்டார். ஒருமுறை பார்த்த இயற்கையை மூன்று வருஷத்துக்குள் மறுபடி பார்ப்பது பேராசை, சபை விதிப்படி குற்றம், மீறினால் படம் பறிமுதல் என்று. இருவரும் படத்தை ஒருதரம் பார்த்தார்கள், ஆணியை ஒருதரம் பார்த்தார்கள். சபைக்குத் தெரியாமல் போய்விடுவது என்று, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

திங்கட்கிழமை விடியலில் வண்டிக்குள் பார்த்தால் கதீஜா, ரோசம்மா, ஞானப்பூ, நாலு பிள்ளைகள், தூக்குகள், குடங்கள். ஒலி முகம்மது இரண்டு கிராணிகளையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எடமில்ல தம்பி. ரெண்டு மாடுதான், ரெண்டு கிராணிய இழுக்காது. பின்னால நடந்து வாங்க."

நடந்தார்கள். சபை ஆள் எவனாவது பார்த்துவிடப்போகிறான் என்று தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, வண்டிப் புழுதியை விழுங்கியபடி, கேலாங்கிலும் பிடோக் மேட்டிலும் நடந்தார்கள். தங்கராஜு ஓரடி முன்னால் வைத்தால் அற்புதராஜ் இரண்டடி வைத்தான். அப்படியே ஓட்டமும் நடையுமாகி, ஓரிடத்தில் வண்டியையே முந்திவிட்டார்கள். மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. குரங்கு வந்தது, முட்டையைக் கொண்டுபோயிற்று. இருவரும் அதைக் கவனிக்கவில்லை, அடுத்தவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தென்னந்தோப்பு முடிந்ததும் கடல் தெரிந்தது. நிற்காத கடல். பிள்ளைகள் வண்டியிலிருந்து குதித்து ஓடின. ஆளுக்கொரு பக்கம், வயது வரிசை எதுவும் இல்லாமல், கத்தின. அற்புதராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் ஒரு கால் வைத்தான். அலை திரும்பிப் போயிற்று. மண் உருவியது. உள்ளங்கால் கூசியது. பிரிஜட் சொன்னது சரிதான், அது வேறு மாதிரி இருந்தது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் பார்த்தான். தங்கராஜு கணுக்கால் தண்ணீரில் நின்றான். அவன் கண்ணும் நிறைந்திருந்தது.

நம்மைவிட ஓரடி உள்ளே நிற்கிறானே என்று பட்டது அற்புதராஜுக்கு. இரண்டடி உள்ளே போனான். தங்கராஜு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குப் போனான். இவன் தொடைவரை. அவன் இடுப்புவரை. கோட்டுகள் ஊறி மிதந்தன. ஒருவரை ஒருவர் பார்க்காமல், கடலைப் பார்க்கிற பாவனையில், மார்பளவு, அப்புறம் கழுத்தளவு என்று போய்க்கொண்டே இருந்தார்கள். இருவருக்கும் நீச்சல் தெரியாது.

கரையில் ரோசம்மா நாலு பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்துக்கொண்டாள், எல்லாம் முழங்கால் தண்ணீருக்குள் இருந்தன. பிறகு கடலைப் பார்த்தாள். அங்கே இரண்டு தலைகள், இரண்டு துண்டுகள்.

"ஞானப்பூ, பிள்ளைங்க இருக்கட்டும்" என்றாள். "பாய்கிட்ட கயிறு இருக்கான்னு கேளு."